ஓடைத்தெருக் கிணறும் நம் தெருக் குழாயும்

என் பிரியத்துக்குரிய அத்தானுக்கு,

வாசகசாலை ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டு ஒருவர் வந்தார். சரி என்று சொல்லி அனுப்பினேன். அவர் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று, இவரை அனுப்பியது யாராக இருக்கும் என்று யோசித்தேன். முன்பெல்லாம் எனக்கு இந்தப் புத்தி கிடையாது. யாராவது சிரித்தால் நானும் சிரிப்பேன். இப்போது யாராவது சிரித்தால், அதற்குப் பின்னால் என்ன வரப்போகிறது என்று பார்க்கிறேன்.

ஆமாம், அத்தான். கருங்கல்பேட்டை நகரசபையில் நம் வார்டுக்கு இப்போது நான்தான் மெம்பர். எட்டாம் வகுப்போடு நின்றவள், திண்டுக்கல்லுக்குக்கூடத் தனியாகப் பஸ் ஏறிப் போகாதவள், நீங்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் வந்தது.

நீங்கள் சைக்கிள் கடையில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்து, காரியம் முடிந்து, பந்தல் பிரிக்கும் முன்பே நடராசன் அண்ணன் வந்தார். உங்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்த மெம்பர், உங்கள் பாடையைத் தோளில் சுமந்தவர். அழுதார். நான் நம்பினேன். கண்ணீர் நிஜமாகவும் இருந்திருக்கலாம். இன்றுவரை எனக்கு அது தெரியவில்லை.

"தங்கச்சி, வேலு எடம் வேலு வீட்டுலயே இருக்கணும். வர்ற தேர்தல்ல நீ நில்லு" என்றார்.

"எனக்கு என்னண்ணே தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். வந்து செத்த நேரம் ஒக்காந்துட்டுப் போ. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்."

மனு போட்டிருந்த மற்ற இரண்டு பேரும் வாபஸ் வாங்கினார்கள். அதில் ஒருவர், உங்களை மார்க்கெட் நடுவில் நிறுத்தி வைத்து ஏசியவர்; பக்கத்து வார்டிலும் மனு போட்டிருந்து, பிறகு அங்கே ஜெயித்தவர். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "ஒங்களுக்கு எதிரா நான் நிப்பனாக்கா?" என்றார். ஊரே உங்கள் மேல் வைத்த மரியாதை என்று நினைத்துப் பூரித்துப் போனேன். உங்களை ஏசின வாய் உங்கள் சாம்பல் ஆறுவதற்குள் எப்படி மாறியது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டாமா?

முதல் கூட்டத்தில் எனக்கென்று மெத்தை வைத்த நாற்காலி போட்டிருந்தார்கள். ஜன்னல் ஓரமாக, காற்று வரும் இடத்தில். காற்று வந்தது. பேச்சுத்தான் சரியாகக் காதில் விழவில்லை. மேசைப் பக்கம் குமாஸ்தா பொருள்களை வாசித்தார். சந்தைக் குத்தகை, எரியாத தெருவிளக்கு, கொசு மருந்து, வெறிநாய் பிடிப்பது, சுடுகாட்டுக் கொட்டகைக்கு ஓடு. சேர்மன் தலையைத் தூக்காமல் "ஆட்சேபணை இல்லையே" என்பார். அது கேள்வி மாதிரியே இருக்காது. ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் இரண்டு பொருள் நிறைவேறிவிடும். பிறகு மசால்வடை வரும்.

இத்தனை நாள் நீங்கள் "கூட்டத்துக்குப் போறேன்" என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பியது இதற்குத்தானா என்று இருந்தது.

கை தூக்க வேண்டிய பொருள் வந்தால் நடராசன் அண்ணன் என் பக்கம் திரும்பி, "இதுக்கு அவரு இருந்தா கை தூக்கியிருப்பாரு, தங்கச்சி" என்பார். நானும் தூக்குவேன். இரண்டு மூன்று கூட்டம் அப்படியே போயிற்று. அதற்கப்புறம்தான் ஒரு நெருடல். எதற்கெல்லாம் நீங்கள் கை தூக்கியிருப்பீர்கள் என்று இந்த மனிதருக்கு இவ்வளவு நிச்சயமாக எப்படித் தெரியும்? உங்களோடு குடித்தனம் நடத்திய எனக்கே தெரியவில்லையே.

அடுத்த கூட்டத்தில் நாற்காலியை நானே தூக்கி மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

அந்த வாரம்தான் காளியம்மாளைக் குழாயடியில் பார்த்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், மார்க்கெட் வாசலில் கொத்தமல்லிக் கட்டு விற்கிறவள், வடக்குக் கோடியில் ஓடைத்தெருக்காரி. நம் தெருக் குழாயில் எல்லாரும் பிடித்து முடிக்கும்வரை இரண்டு குடத்தோடு ஓரமாக நின்றாள். அவள் முறை வந்தபோது எதிர்வீட்டு அக்கா, "ஒங்க தெருவுல கெணறு இருக்குல்ல? இம்புட்டுத் தூரம் எதுக்கு வாரே?" என்று விரட்டினார்.

காளியம்மாள் அவர் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்தாள். "கெணறு இருக்கு. தண்ணியும் இருக்கு. குடிக்க வாரீகளா?"

"ஏன், தண்ணிக்கு என்ன?" என்று கேட்டேன்.

"ஒங்க வீட்டுக்காரரத்தான் கேட்டிருக்கணும். இனிமே எங்கிட்டுப் போயி கேக்க?"

"அவரு ஒங்களுக்கு என்ன செஞ்சாரு?"

"ஒண்ணும் செய்யல, தாயி. அதான்."

அவள் குடத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். எதிர்வீட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். காளியம்மாள் போன பிறகும் அந்த "அதான்" என் காதிலேயே நின்றது. உங்களைத் தெய்வம் மாதிரி பேசுகிறவர்களையே கேட்டுப் பழகியிருந்தேன். இந்தக் குழாயைக் கொண்டுவந்ததற்காக நம் தெருப் பெண்கள் உங்களுக்கு ஆரத்தி எடுத்தார்கள். உங்களைப் பற்றி இப்படி ஒரு குரல் எனக்குப் புதிது.

மறுநாள் ஓடைத்தெருவுக்குப் போனேன். தோல் ஷாப்பில் தோல் ஊறவைத்துக் கழுவுகிற தண்ணீர், செங்காவி நிறத்தில் நுரை கட்டிக்கொண்டு, வாசல்களுக்கு முன்னால் திறந்த சாக்கடையாக ஓடுகிறது. நாற்றம் அடிவயிற்றில் போய் உட்காருகிறது. அந்தச் சாக்கடைக்கு ஒட்டினாற்போலத்தான் அவர்கள் கிணறு. காளியம்மாள் ஒரு வாளி இறைத்து வைத்தாள். மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம். கொஞ்ச நேரத்தில் வாளி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தது. பிள்ளைகள் கையெல்லாம் சொறிந்து புண்ணாகி இருந்தது. அவள் குடிக்கச் சொல்லவில்லை. நானும் அந்த வாளியைத் தொடவில்லை.

திரும்பி வரும்போது சாக்கடை போன வழியே நடந்து பார்த்தேன். தோல் ஷாப்பு வடக்கு மேட்டில் இருக்கிறது. ஊருக்கு வெளியே காய்ந்து கிடக்கும் ஓடைக்கு அங்கிருந்து நேராக ஒரு வழி உண்டு. அந்த நேர்வழியில் வீடு ஒன்றும் கிடையாது. ஒரு தென்னந்தோப்புத்தான் இருக்கிறது. தோப்பு நடராசன் அண்ணனுடையது. தோல் ஷாப்பு அவர் மச்சினனுடையது. தோப்பு வேலிக்குப் பக்கத்தில் வந்ததும் சாக்கடை வளைந்து ஓடைத்தெருவுக்குள் போகிறது. இது உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?

நேராகத் தோப்புக்கே போய் அண்ணனிடம் கேட்டேன். அவர் முகம் மாறவே இல்லை. "அது இஞ்சினியரு போட்ட வழிம்மா. சபையில எல்லாரும் ஒத்துக்கிட்டதுதான். வேலுவே சரின்னுட்டான். வெயில்ல வந்திருக்கே, எளநி குடி" என்று சீவி நீட்டினார். தாகமாகத்தான் இருந்தது. வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அவர் சொன்னதை நம்பவில்லை. செத்தவர் மேல் பழி போடுவது சுலபம், திரும்பி வந்து மறுக்கவா போகிறார் என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் ராவுத்தர் கடை ஏறினேன். ஜவுளிக்கடை ராவுத்தர், எதிர்வரிசை மெம்பர். உங்களுக்கும் அவருக்கும் ஆகாது என்று ஊரில் சொல்வார்கள். அண்ணன் சொன்னது பொய்யானால் அது இவர் மூலமாக வெளிப்பட்டுவிடும் என்று நினைத்தேன்.

கேட்டதும் அவர் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார். "போனவனப் பத்தி இப்ப எதுக்கும்மா?"

"போனவரு எடத்துலதானே ஒக்காந்திருக்கேன்."

மடிப்பதை நிறுத்தினார். "அந்தக் கூட்டத்துக்கு மொத நா சாயங்காலம் இங்கதான் வந்தான். இந்தா, நீங்க ஒக்காந்திருக்கிற எடத்துலயே ஒக்காந்து, ரெண்டு பேரும் சேந்து எதுப்போம் மாமுன்னு சொல்லிட்டுப் போனான். மறுநா கூட்டத்துல சாக்கடைப் பொருள் வந்துச்சு. நான் எந்திரிச்சேன். திரும்பிப் பாத்தா, அவன் தலையக் குனிஞ்சு தன் செருப்பப் பாத்துக்கிட்டு இருக்கான். அடுத்த பொருளு ஒங்க தெருக் குழாய். ஒரு சத்தமில்லாம நெறவேறிருச்சு."

 "காசு எதுவும் வாங்கினாரா?"

"அல்லா அறியச் சொல்றேன், அந்தப் பழக்கம் அவன்கிட்டக் கெடையாது. அவன் குழாயத்தான் வாங்குனான்."

கடையை விட்டு இறங்கும்போது ராவுத்தரையும் சந்தேகப்பட்டேன். என்னைத் தன் பக்கம் இழுக்க இதைச் சொல்கிறாரோ? ஊரில் இன்னும் நல்லவர் என்று யாரை மிச்சம் வைப்பது என்றே தெரியவில்லை. ஆனால் வீட்டுப் படி ஏறும்போது அந்தக் கூட்ட நாள் சாயங்காலம் ஞாபகம் வந்துவிட்டது. உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேறு யாரும் தேவைப்படவில்லை, அத்தான்.

அந்த வருஷம்தான் நான் இரண்டு தெரு தள்ளியிருந்த கிணற்றிலிருந்து தண்ணீர் தூக்கி வரும்போது வழுக்கி விழுந்தேன். வயிற்றில் இருந்தது தங்கவில்லை. அதற்கப்புறம் நமக்கு எதுவுமே தங்கவில்லை. கூட்டம் முடிந்து நீங்கள் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்தீர்கள். என் கையில் வைத்து, "இனிமே ஒனக்குக் கொடம் தூக்கி நடக்குற வேல இல்ல" என்றீர்கள். சொல்லும்போது குரல் உடைந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்தேன். சாப்பாட்டைப் பாதியில் வைத்து எழுந்தீர்கள். அதையும் சந்தோஷம் என்றே நினைத்தேன்.

எனக்காகவா செய்தீர்கள்? அப்படியானால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? விழுந்து படுத்திருந்த அந்த நாட்களில் கேட்டிருந்தால், கொண்டு வாங்க என்றுதான் சொல்லியிருப்பேனோ? இதை நினைத்து நினைத்து எத்தனையோ பகல் போய்விட்டது. உங்கள் மேல் கோபப்பட ஆரம்பித்தால் அது அழுகையில் முடிகிறது. அழ ஆரம்பித்தால் ஓடைத்தெருப் பிள்ளைகளின் கை கண்ணுக்கு முன் வருகிறது.

ஒன்று மட்டும் விளங்கிப் போயிற்று. என்னை எதிர்த்து யாரும் நிற்காதது உங்கள் மேல் உள்ள மரியாதையால் அல்ல. இந்த வீட்டிலிருந்து போன ஒருவர் சபையில் தலைகுனிந்து உட்கார்ந்தார், இவளும் அப்படியே உட்காருவாள் என்ற நம்பிக்கையால்.

ஆனியில் தோல் ஷாப்பு விஸ்தரிப்பு பொருளாக வந்தது. இன்னொரு கொட்டகை, அதன் கழிவும் அதே சாக்கடையில். குமாஸ்தா வாசித்து முடித்ததும் எழுந்து நின்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன். சேர்மன் பியூனைப் பார்த்து, "அம்மாவுக்குத் தண்ணி கொண்டா" என்றார்.

"தண்ணி வேணாங்க. எனக்கு ஆட்சேபணை இருக்கு."

வடை தட்டு நடுவில் நின்றுவிட்டது. நடராசன் அண்ணன் மெதுவாக, "தங்கச்சி, வேலு இருந்தா இதுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அவரு இருந்தப்ப என்ன செஞ்சாருன்னு எனக்குத் தெரியும்ண்ணே" என்றேன்.  அது போதுமானதாக இருந்தது. ராவுத்தரும் எழுந்தார். சேர்மன் வாட்சைப் பார்த்துவிட்டு, மெம்பர்கள் இடத்தை நேரில் பார்த்தபின் முடிவு செய்வோம் என்று ஒத்திவைத்தார்.

அந்த வாரமே நம் தெருக் குழாயில் தண்ணீர் நின்றது. பழுது என்றார்கள். பக்கத்துத் தெருவில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. எதிர்வீட்டு அக்கா காலிக் குடத்தை நம் வாசலில் வைத்துவிட்டு, "ஒன் புருசன் கொண்டாந்தத நீ தொலைச்சிட்டியே" என்றார்.  அவர் சொன்னது பொய் இல்லை. நானும் குடத்தை எடுத்துக்கொண்டு பழைய கிணற்றுக்கு நடந்தேன். விழுந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். மெதுவாகத் தாண்டினேன்.

பிறகு ஒவ்வொரு மெம்பர் வீடாகப் போனேன். நேரில் பார்க்கலாம் என்று சேர்மன் சொன்னாரே, வாருங்கள் என்று கூப்பிட்டேன். ஒரு வீட்டில், ஐயா ஊரில் இல்லை என்றார்கள். அப்படிச் சொல்லச் சொன்ன ஐயாவின் குரல் உள்ளேயிருந்து எனக்கே கேட்டது. சிலர் வந்தார்கள். உங்களை ஏசினாரே, எனக்காக வாபஸ் வாங்கினாரே, அந்தப் பக்கத்து வார்டு மெம்பரும் வந்தார். ஓடைத்தெருவுக்குள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தார். காளியம்மாள், "செத்த நேரம் மூக்க மூடாம நில்லுங்கய்யா. நாங்க நிக்கிறோம்ல" என்றாள். துண்டை எடுத்துவிட்டார். கிளம்பும்வரை மறுபடி மூடவில்லை.

ஆடிக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. விஸ்தரிப்புக்கு அனுமதி இல்லை என்று ஆயிற்று. நூலிழையில்தான் ஜெயித்தோம். அந்தத் துண்டுக்காரரின் கைதான் அதைத் தீர்மானித்தது. அவரை நம்பலாமா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை. ராவுத்தர், "நம்பாட்டிப் போகுதும்மா, கை தூக்குனான்ல" என்றார். பழைய சாக்கடை மட்டும் அப்படியே ஓடுகிறது. அதைத் தோப்பு வழியே திருப்ப வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறேன். கூட்டத்துக்குக் கூட்டம் அது கடைசிப் பொருளாகப் போய், நேரமில்லை என்று நின்றுவிடுகிறது.

போன வெள்ளிக்கிழமை நடராசன் அண்ணன் வீட்டுக்கு வந்தார், தட்டில் பழத்தோடு. என்னிடம் பேசவில்லை. நேராக அத்தையிடம் போய், உங்கள் தாயாரின் காலடியில் உட்கார்ந்தார். "அம்மா, இந்தத் தெருவுக்கு வேலு பேர வைக்கப் போறோம். வர்ற கூட்டத்துல பொருளாப் போட்டாச்சு. கல்லுல வெட்டி முக்குல நடுவோம். காலத்துக்கும் நிக்கும்." பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "குழாயும் சரியாயிரும்மா. நான் சொல்லியிருக்கேன். இனிமே தங்கச்சியும் அமைதியா இருக்கலாம்."

அத்தை அழுதார்கள். மகனைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவர்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எதிர்வீட்டு அக்காகூட வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வாசகசாலை ஆள் வந்தது அதற்கு மறுநாள். நாலு நல்ல வார்த்தை யாருக்குத் தேவைப்பட்டது என்று இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும்.

அத்தையிடம் நான் மறைக்கவில்லை. ஓடைத்தெருவைப் பற்றி, அந்தக் கூட்டத்தைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் "எம் மவன் பேரு வேணாங்குறியா?" என்று கேட்டார்கள்.

"இப்ப வேணாம் அத்தே. இப்ப வச்சா, அவரு தலைகுனிஞ்சு ஒக்காந்ததுக்கு வச்ச மாதிரி ஆயிரும்."

அன்றைக்கு அத்தை என்னோடு சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார்கள். அதற்கு மேல் இன்றுவரை அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சம்மதமா, வருத்தமா என்று நான் கேட்கவும் இல்லை.

அத்தான், உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்லது நாலு வார்த்தையில் அடங்காது. நீங்கள் கெட்டவர் இல்லை. பெண்டாட்டி கீழே விழுந்ததைப் பார்த்த மனிதர். ஆனால் ஓடைத்தெருவிலும் பெண்கள் குடம் தூக்குகிறார்கள். அவர்களும் விழுகிறார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. நம் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சொல்வதில்லை. வேட்புமனு கொடுக்கும்போதுகூடக் கணவர் பெயர் என்ன என்று கேட்டதற்கு, நான் தலையைக் குனிந்துகொள்ள, பக்கத்தில் நின்றவர்தான் சொன்னார். வரும் கூட்டத்தில் முதல் தடவையாகச் சொல்லப் போகிறேன். எல்லாரும் கேட்கும்படி, வேலுச்சாமி என்ற பெயர் இந்தத் தெருவுக்கு வேண்டாம் என்று.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சாக்கடை தோப்பு வழியே திரும்பி, ஓடைத்தெருக் கிணற்றில் காளியம்மாள் நல்ல தண்ணீர் இறைக்கும் நாள் வரட்டும். அன்றைக்கு நான் மெம்பராக இருந்தாலும் சரி, இல்லாமல் வேடிக்கை பார்க்கிறவர்கள் பெஞ்சில் இருந்தாலும் சரி, எழுந்து நின்று இரண்டாம் தடவை உங்கள் பெயரைச் சொல்வேன். வேண்டும் என்று சொல்வேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் மாமன் மகள்,
செல்லத்தாய்